முதலில் படகுக்காரரைத் தேடுங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். மூன்று ஆண்டுகளாகக் கோவளத்தில் கயாக் ஓட்டுகிறோம். ஜனவரி கடைசியில் கோவளத்திலிருந்து நாகப்பட்டினம் வரை, ஏறக்குறைய 240 கிலோமீட்டர், கரையை ஒட்டியே கடலில் துடுப்புப் போட்டுப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். பகலில் கடல், இரவில் கரை. துணைக்கு ஒரு ஃபைபர் படகு பேசியிருக்கிறோம். லைஃப் ஜாக்கெட், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாம் வாங்கியாயிற்று. வெளிநாட்டிலிருக்கும் நண்பன் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறான். இவ்வளவும் போதுமா? யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும்? அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவரிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

— வாசகர், திருவான்மியூர்

பதில்: உங்கள் கடிதத்தில் பொருட்களின் பட்டியல் இருக்கிறது. படகில் உட்காரப் போகிறவர் யார் என்பது மட்டும் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு என்றாலே எல்லோரும் கடைக்குத்தான் முதலில் போகிறார்கள். நான் உங்களை முதலில் குப்பத்துக்குப் போகச் சொல்வேன். “இன்று போதும், ஏறுங்கள்” என்று சொல்லத் தெரிந்த ஒருவரும், அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஏறுகிற நான்கு பேரும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஹவாய்த் தீவுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1978 மார்ச் 16 அன்று ‘ஹோகுலேயா’ என்ற இரட்டை ஓடப் பாய்மரக் கலம் ஹொனலுலுவிலிருந்து தஹிட்டியை நோக்கிப் புறப்பட்டது. காற்று கடுமையாக இருந்தது. துணைக் கப்பல் இல்லை. நள்ளிரவு வாக்கில் கலம் கவிழ்ந்தது. விடிந்தும் உதவி வரவில்லை. குழுவில் இருந்த எட்டி ஐகாவ் வைமியா கரையில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய உயிர்காப்பாளர். பெரிய அலைகளில் சறுக்குவதில் பேர்போனவர். தம் அலைச்சறுக்குப் பலகையில் படுத்துக் கைகளால் துழாவி, லானாய் தீவுக்குப் போய் உதவி கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். கவிழ்ந்த கலத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர்கள் அன்றே மீட்கப்பட்டார்கள். ஐகாவ் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஹோகுலேயா நெடும்பயணம் போனால் துணைக் கலம் ஒன்றும் கூடவே போகிறது. அதே பக்கத்துக் கடலில், மொலோக்காய் தீவிலிருந்து ஒவாஹு வரை, ஏறக்குறைய 51 கிலோமீட்டருக்கு ஆண்டுதோறும் துடுப்புப் பலகைப் போட்டி நடக்கிறது. துணைப்படகு இல்லாமல் அதில் யாரையும் இறங்க விடுவதில்லை.

இதில் உங்களுக்கு இரண்டு செய்திகள் உண்டு. கவிழ்ந்தால் கயாக்கை விடக்கூடாது. எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும், நீந்திப் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று ஒருவரும் பிரியக்கூடாது. உதவிக்குப் போவது படகின் வேலை. அதனால்தான் படகு தேவைப்படுகிறது.

இனி உங்கள் ஒரு படகைப் பார்ப்போம். நால்வரில் ஒருவருக்கு வெயில் தாக்கி மயக்கம் வருகிறது என்று வையுங்கள். படகு அவரை ஏற்றிக்கொண்டு கரைக்குப் பறக்கும். நடுக்கடலில் நிற்கும் மற்ற மூவருக்கு அப்போது யார் துணை? ஒரே படகு என்றால் அது கிளம்பும்போது மூவரும் அதோடு கரை திரும்பியாக வேண்டும். அதற்கான உடல்வலு எந்த நேரத்திலும் அவர்களிடம் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு படகுகள் வைத்துக்கொள்ளுங்கள். செலவு கட்டாது என்றால், இரண்டாவது படகு கூடவே வர வேண்டாம். அன்றைய பாதையின் நடுவிலுள்ள ஊரில், ஆளும் எரிபொருளும் தயாராக, கூப்பிட்டதும் இறக்கும் நிலையில் கரையில் நிற்கட்டும். அதற்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.

கூலி விஷயத்தை நான் லேசாக நினைப்பதில்லை. “நாகப்பட்டினம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் இவ்வளவு” என்று மொத்தமாகப் பேசாதீர்கள். அப்படிப் பேசினால், போகக்கூடாத நாளிலும் போகலாம் என்று சொல்லும் கட்டாயத்துக்குப் படகுக்காரரை நீங்களே தள்ளுகிறீர்கள். நாள் கூலியாகப் பேசுங்கள். கடலில் இறங்காத நாளுக்கும் அதே கூலி, பாதியில் ஏற்றினாலும் அதே கூலி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படகில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இன்ஜினைப் பார்ப்பார். மற்றவரின் வேலை உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான். படம் எடுப்பதும் சாப்பாடு பிரிப்பதும் அவர் வேலை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பரும் இப்படிப் போனபோது எங்கள் படகில் ஒருவர்தான் இருந்தார். கயாக் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகும். அவ்வளவு மெதுவாக ஓட அவுட்போர்டு இன்ஜின் அடம்பிடிக்கும். அதனால் அவர் முன்னே ஓடி, இன்ஜினை நிறுத்தி, நாங்கள் வரும்வரை காத்திருப்பார். ஒருமுறை அவர் முன்னே போயிருந்த நேரத்தில் நண்பர் கவிழ்ந்தார். விசில் காற்றோடு போயிற்று. படகு கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் படகில் இருந்தவர் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நான் நண்பரின் கயாக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். படகுக்காரர் மேல் தவறில்லை. பின்னால் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு மீட்டர் அலையில், தண்ணீரில் கிடப்பவரின் தலை இருநூறு மீட்டருக்கு அப்பால் தெரிவது கடினம். ஆகவே படகு அந்தத் தொலைவைத் தாண்டக்கூடாது. நீங்கள் நால்வரும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் போக வேண்டும். தொப்பி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் கடலில் கரைந்துவிடும். சைகைகளை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: துடுப்பை நேராக நட்டுப் பிடித்தால் நலம், தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நில், பக்கவாட்டில் வீசினால் உடனே வா. படகில் உள்ளவர்களோடு சேர்ந்து கோவளத்திலேயே நான்கைந்து முறை பழகுங்கள். கவிழ்வதும் ஏறுவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான். தண்ணீரில் இருப்பவரை நெருங்கும்போது படகு காற்றுக்கு எதிராக அணியத்தைத் திருப்பி வர வேண்டும். ஒரு படகு நீளம் இருக்கும்போதே இன்ஜின் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். கவிழ்ந்தவருக்கு அலையைவிட இன்ஜினின் விசிறிதான் பெரிய ஆபத்து.

காலத்தைப் பற்றி. ஜனவரி கடைசி எனக்குச் சற்று உறுத்துகிறது. வாடை அப்போதும் அடங்கியிருக்காது. தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகுக் காற்று என்பது உண்மை. ஆனால் கரையில் அலை உடையும் இடம் அதே காற்றால்தான் மோசமாக இருக்கும். நம் கிழக்குக் கரையில் கயாக் கவிழ்வதும் தோள் பிசகுவதும் பெரும்பாலும் நடுக்கடலில் அல்ல, இறங்கும்போதும் ஏறும்போதும் கடைசி ஐம்பது மீட்டரில். பிப்ரவரி நடுவுக்குத் தள்ளினால் கடல் தணிந்திருக்கும். அந்த மாதத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வடக்கு நோக்கித் திரும்பத் தொடங்கும், உங்களுக்கு எதிராக. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், கரை அலையைப் பொறுக்க முடியாது. தினமும் விடியுமுன் கிளம்பத் தயாராகி, வெளிச்சம் வந்ததும் இறங்கி, 11 மணிக்குக் கரையில் இருங்கள். அதற்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிடும். ஐந்து மணி நேரத்தில் முப்பது கிலோமீட்டர். எட்டு நாள் பயணம், இரண்டு நாள் சும்மா இருக்க. மொத்தம் பத்து நாள் விடுப்பு எடுங்கள். எட்டு நாள் மட்டும் எடுத்தால், ஆறாம் நாள் கடல் கெட்டிருக்கும்போது அலுவலகம் உங்களைக் கடலில் இறக்கும்.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்தின இரவு அதைப் பாருங்கள். காற்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையில் ஏறும். அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட நாளில்தான். காலையில் அறிவிப்பைப் பார்த்த பிறகும், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கடலைக் காட்டிக் கேளுங்கள். அவர் தலையாட்டவில்லை என்றால் இறங்காதீர்கள்.

வெளிநாட்டு நண்பரிடம் அந்தக் கருவியை அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ செய்திக் கருவியோ வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். அதுவும் கடலோரத்தில், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் விளக்கம் சொல்லி மாளாது. அதற்குப் பதில் 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தனிநபர் அபாயக் குறிப்பானை முறைப்படி வாங்கிப் பதிவு செய்யுங்கள். அதை அழுத்தினால் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியே பெங்களூருவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குச் சேரும். அதை லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கயாக்கில் கட்டினால் கயாக்தான் மீட்கப்படும். படகு பேசும்போது உரிமம் பெற்ற வி.எச்.எஃப். வயர்லெஸ் உள்ள படகாகப் பாருங்கள். சேனல் 16 எப்போதும் திறந்திருக்கட்டும்.

தகவல் சொல்ல வேண்டியவர்கள்: கடலோரக் காவல்படை, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள், மீன்வளத் துறை. புதுச்சேரியும் காரைக்காலும் வேறு நிர்வாகம். அங்கே தனிக் கடிதம் வேண்டும். கயாக்குகளின் நிறம், ஆட்களின் பெயர், படகின் பதிவு எண், ஒவ்வொரு நாளும் இறங்கும் ஊர், ஏறும் ஊர் என எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். ஒரு மாதம் முன்பே கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கிப் படகில் வைத்துக்கொள்ளுங்கள். கல்பாக்கம் உங்களுக்கு முதல் நாளே வந்துவிடும். அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் எழுத்து அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கிடைக்கவில்லை என்றால் கயாக்குகளை வேனில் ஏற்றி, பாலாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே இறக்குங்கள். பயணம் துண்டானது என்று வருந்தாதீர்கள். தூரத்தில் நெருங்கும் நான்கு சிறு கலங்களைப் பார்க்கும் காவலருக்கு உங்கள் ஆசை தெரியாது.

அலுவலகங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஊர்ப் பஞ்சாயத்து. நீங்கள் கரையேறப்போகும் ஒவ்வொரு மீனவ ஊருக்கும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். எந்த இடத்தில் தூண்டில் வளைவின் கற்கள் நீருக்குள் நீண்டிருக்கின்றன, எங்கே தங்கூஸ் வலை விரித்திருப்பார்கள், எந்த முகத்துவாரம் இந்த ஆண்டு மண் அடைத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குறிப்பாக வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்களில் ஆற்று நீர் இறங்கும் நேரத்தில் எதிரே அலை வந்தால் கயாக் திணறும். கரைவலை இழுக்கும் இடத்தில் குறுக்கே போகாதீர்கள். மீன் இறக்கி ஏலம் போடும் காலை வேளையில் நடுவே போய்க் கயாக்கை இழுத்து வைக்காதீர்கள். ஏதாவது நேர்ந்தால் முதலில் உங்களைத் தேடி வரப்போவது அந்தப் படகுகள்தான்.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக்கூடாது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உப்புக் குறைந்து தலை சுற்றும், நடுநடுவே ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். பேச்சு குழறினாலோ, துடுப்பு ஒரே பக்கம் சாய்ந்தாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தாலோ அவரைப் படகில் ஏற்றிவிடுங்கள். அவர் மறுப்பார். எப்போதும் மறுப்பார்கள். அதனால்தான் ஏற்றும் அதிகாரம் படகில் இருப்பவரிடம் இருக்க வேண்டும் என்கிறேன். கிளம்புவதற்கு முன் நால்வரும் அவர் முன்னால் உட்கார்ந்து அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சமாதானம் சொல்ல வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். கரையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நண்பர்களைப் போட்டால் “இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்” என்று மணி இரண்டாகிவிடும். அம்மா தயங்கமாட்டார். பயண விவரத் தாளின் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். காலை இறங்கும்போது ஓர் அழைப்பு, கரையேறியதும் ஓர் அழைப்பு. பகல் 12 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் படகுக்காரரையும், கரையில் நிற்கும் இரண்டாவது படகையும் கூப்பிடுவார். 12.30 வரை பதில் இல்லையென்றால் கடலோரக் காவல்படையின் 1554, அடுத்து கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். நீங்கள் கரையேறியதும், கயாக்கை மேலே இழுத்து வைப்பதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.