கடைசிப் பொட்டலத்தை விற்காத கடைக்காரர்கள்

மொத்த வியாபாரிகளாகிய நாம் ஆர்டர் கேட்டுக் கடைக்குப் போனால், "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். மறுநாள் காலையில் பையன் சைக்கிளில் வந்து நிற்பான், துவரம்பருப்பு தீர்ந்துவிட்டதென்று. இந்த விஷயத்தில், போன இடத்தின் மொழியே தெரியாமல் மளிகைக் கடை நடத்திய சீனர்களிடம் நாம் படிக்க வேண்டியது இருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா என்றொரு பகுதி. பருத்தி விளையும் வண்டல் பூமி. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. கூலிக்கு ஆள் போதாதென்று பண்ணை முதலாளிகள் 1870-ஐ ஒட்டிச் சீனர்களை வரவழைத்தார்கள். பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்துக்காரர்கள். பருத்திக் காட்டில் மிச்சம் பிடிக்க முடியாதென்று கண்டு, சீக்கிரமே மளிகைக் கடை வைத்தார்கள்.

வாடிக்கையாளர்கள் வாரத்துக்குப் பயிரிட்ட கருப்பின மக்கள். பண்ணையார் கடையில் கடனுக்கு வாங்கி, அறுவடையில் கணக்குத் தீர்த்தால் இவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. சீனர் கடையில் மரியாதையாகச் சின்ன அளவிலும் வாங்கலாம். பருத்தி எடுக்கும்வரை பற்றும் உண்டு.

மொழிக்கு என்ன செய்தார்கள்? கடையில் ஒரு குச்சி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் அதனால் சாமானைத் தொட்டுக் காட்டுவார். மொத்த வியாபாரியின் ஆள் வரும்போது காட்டுவதற்காக, ஒவ்வொரு சரக்கிலும் கடைசி ஒன்றை விற்காமல் வைத்துக்கொள்வார்கள். அதைக் காட்டினால் ஆர்டர் முடிந்தது.

ஒரு பொட்டலம் முடங்குகிறதே என்று கேட்கலாம். முடக்கம்தான். ஆனால் 'இல்லை' என்று நாம் திருப்பி அனுப்பியவர் எதிர்க்கடையில் மாதச் சாமான் முழுவதையும் வாங்கிவிடுகிறார். அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் நாம் எழுதுவதில்லை. நம்மிடம் கொள்முதல் செய்யும் நாலு கடைகளில் இதைச் சொல்லிப் பார்த்தோம். ஒருவர் செய்கிறார். இருவர் சிரித்தார்கள். நாலாமவர் கடைசிப் பொட்டலத்தையும் விற்றுவிட்டுப் போன் செய்தார்!

முதலைப் பெரும்பாலும் உறவினர்களே புரட்டிக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்த பையன் சித்தப்பா கடையில் சில வருஷம் உழைப்பான். பிறகு பக்கத்து ஊரில் தனிக்கடை. கடைப் பையனாகச் சேர்ந்து முதலாளியான நம்மவர்களுக்கு இது புதிதல்ல. 1882-ல் வந்த சட்டம் சீனக் கூலிகள் அமெரிக்காவில் நுழைவதைத் தடுத்தது. வணிகருக்கு விலக்கு இருந்தது. மனைவி மக்களை வரவழைக்கவும் கடைதான் வழிவிட்டது.

வியாபாரம் நடந்தாலும் மதிப்பு வரவில்லை. ரோஸ்டேல் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் காங் லம். 1924-ல் அவர் மகள் மார்த்தா வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1927-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. கடை வைத்திருக்கும் ஒருவர் ஊரைப் பகைத்துக்கொண்டு நீதிமன்றம் போவதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

பின்னாளில் பருத்தி எடுக்க இயந்திரம் வந்தது. வாடிக்கையாளர்கள் சிகாகோ போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டுகளும் வந்தன. கடைக்குப் பின்கட்டில் வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் மருந்தாளுநர்களாக, பொறியாளர்களாக ஆனார்கள். பெரும்பாலான கடைகள் பூட்டப்பட்டன. அதைத் தோல்வி என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. நம் மகனும் கல்லாவில் உட்காரமாட்டேன் என்கிறான். அவனைப் படிக்க அனுப்பியது நாம்தான்.