வீடற்றோர்க்கு வேலை தரும் பொதுத் தோட்டம்

வீடின்றித் தெருவோரங்களிலும் தங்குமடங்களிலும் காலங்கழிப்போருக்கு ஒரு வேளை உணவளித்தல் நற்செயலாகும். எனினும், மறுநாட் காலையில் அவர் முன்னிருந்த நிலையிலேயே இருப்பர். வேலை கேட்டுச் செல்லுமிடத்தில், முன்னர் எங்கே வேலை செய்தீர் என்னும் கேள்விக்கு விடை கூற இயலாமை அவர்க்குப் பெருந்தடையாகின்றது. இத்தடையை நீக்கத் தோட்டம் எவ்வாறு உதவும் என்பதையும், அத்தகைய தோட்டத்தைத் தொடங்குவோர் முன்கூட்டியே கவனிக்க வேண்டியவற்றையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஓர் உதாரணம்

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் சாந்தா குறூஸ் என்னும் கடற்கரை நகரம் உளது. அங்கே 1990 ஆம் ஆண்டில் வீடற்றோர்க்கென ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கியோருள் ஒருவரான போல் லீ என்பார், 1967 ஆம் ஆண்டில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அலன் சட்விக் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரர் மாணவர் தோட்டம் அமைத்தபோது அதற்குத் துணை நின்றவராவர். வீடற்றோர் தோட்டத்திற் சேர்வோர், ஓராண்டு வரை, வாரத்துக்குச் சில நாட்கள் குறித்த நேரத்துக்கு வந்து, கூலி பெற்று வேலை செய்து பழகுவர். மரக்கறியும் பூவும் அங்கே விளைவன. ஆயினும் நேரந்தவறாது வேலைக்கு வரும் பழக்கமே அத்தோட்டத்தின் முதல் விளைவாகும்.

நிலம் பண்படுத்தல்

சட்விக் கையாண்ட முறை இரட்டைக் கொத்து ஆகும். பாத்தியின் ஓரத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு மேல்மண்ணை அகற்றி, அடிமண்ணை மேலே புரட்டாது இருந்த இடத்திலேயே இளக்க வேண்டும். அடுத்த வரியின் மேல்மண்ணை அதன்மீது இட்டு இவ்வாறே தொடரல் வேண்டும். இறுதியிற் கூட்டெருவைப் பரப்பி மேல்மண்ணுடன் கலக்குக. இம்முறையில் வேர் ஆழமாக இறங்கும். சிறு இடத்திலும் நெருக்கமாக நடலாம். இதற்கு விலைமிக்க இயந்திரம் வேண்டியதில்லை. கைகள் பல வேண்டும். வேலை வேண்டி நிற்போர்க்கு இம்முறை பொருந்துவது இதனாலேயே.

கூலிக்குப் பணம்

விளைச்சல் விற்ற பின்னரே கூலி என்றால், நாளாந்தச் செலவுக்கு வழியற்றவர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆகவே அத்தோட்டத்தில் ஊரார் பங்குதாரராகச் சேர்ந்து, போகத் தொடக்கத்திலேயே பணஞ் செலுத்தி, அறுவடைக் காலத்தில் வாரந்தோறும் தம் பங்கு மரக்கறியைப் பெறுவர். முன்பணம் விதைக்கும் கூலிக்கும் உதவும். கடன் வாங்கும் தேவையும் குறையும்.

ஆண்டு முழுவதும் வேலை

சாந்தா குறூசில் மாரிகாலத்திலேயே மழை பெய்யும். அப்போது தோட்ட வேலை குறையும். வேலை நின்றால் பழகிய ஒழுங்கும் குலையும். எனவே கோடையிற் பறித்த பூக்களை உலர்த்தி வைத்து, மாரியில் நிழலிலிருந்து வளையமாலைகளாகக் கட்டி விற்பர். வேலையற்ற மாதங்களுக்கு உரிய தொழிலை நடுகைக் காலத்திலேயே திட்டமிடல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மண்ணை முன்னரே சோதித்தல்

இத்தோட்டம் நிலையான இடமின்றிப் பல ஆண்டுகள் இடர்ப்பட்டது. 1998 ஆம் ஆண்டில் நகருக்குரிய பொகோனிப் என்னும் நிலத்திற் சுமார் 9 ஏக்கர் இதற்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் முற்காலத்தில் அவ்விடம் பறக்கும் தட்டுக்களைத் துப்பாக்கியாற் சுட்டு விளையாடும் களமாயிருந்தது. சிதறிய குண்டுகளினால் மண்ணில் ஈயம் சேர்ந்திருந்தமை பின்னரே தெரியவந்தது. எதிர்பார்த்திருந்த நிலம் இவ்வாறு தடைப்பட்டது.

ஈயம் மண்ணில் மிக நீண்ட காலம் தங்கும். கீரை, கிழங்கு ஆகியவற்றில் ஒட்டிய மண்ணுடன் அது உடலிற் சேரும். சிறுவர்க்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். பொதுத் தோட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறர் கைவிட்ட நிலமே. பழைய வாகனத் திருத்தகம், மின்கல வேலைத்தலம், குப்பைமேடு, பழைய வர்ணம் உதிர்ந்த சுவரோரம் ஆகியன ஐயத்துக்குரியன. ஆகவே முன்னர் அங்கு நடந்தது யாதென அயலிலுள்ள முதியோரை வினவி, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். ஈயம் மிகுந்துள்ளதெனக் காணின் அங்கே உணவுப்பயிர் செய்யலாகாது.

விதை வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. நிலம் எத்தனை ஆண்டுக்கு உரியதென எழுத்தில் உண்டா?
2. மண் சோதிக்கப்பட்டதா?
3. முதல் அறுவடை வரை கூலிக்குப் பணம் உண்டா?
4. பயிரில்லா மாதங்களில் வேலை யாது?
5. ஓராண்டு முடிந்தபின், பழகியவரை வேலைக்கு ஏற்போர் யாவர்?

ஐந்தாவது கேள்விக்குக் கமக்காரரே விடை கூற வல்லவர். நாற்று நடவும் பாத்தி கட்டவும் குறித்த நேரத்துக்கு வரவும் பழகிய ஒருவரை அறுவடைக் காலத்தில் தம் தோட்டத்திற் சேர்த்துக்கொள்ளும் கமக்காரர், அவர்க்கு முன்னர் எங்கே வேலை செய்தீர் என்னும் கேள்விக்குரிய விடையையும் அளித்தவராவர். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்க.