மணலிக்குப் போய் மெட்டு எடு

ராயபுரம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய டூயட்டை ரெண்டு தடவை கேட்டேன். ஹார்ப்சிகார்டுக்கும் க்ளாவிகார்டுக்கும் எழுதத் துணிந்ததே பெரிய விஷயம். ஆனால் சிரிப்பு வரவில்லை, கண்ணு. ஒரே வரியை ரெண்டும் மாற்றி மாற்றி வாசிக்கின்றன. யார் வாசித்தாலும் ஒன்றுதான் என்றால் ரெண்டு பேர் எதற்கு?

முதல் வேலையாக, கீபோர்டில் ஹார்ப்சிகார்ட் வாய்ஸுக்கு டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடு. அசல் கருவியில் கட்டையை அழுத்தினால் இறகு முனை தந்தியை மீட்டும், அவ்வளவுதான். மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். க்ளாவிகார்ட் வேறு ஜாதி. அதில் பித்தளைத் துண்டு தந்தியில் மோதி, விரலை எடுக்கும்வரை அங்கேயே ஒட்டி நிற்கும். விரலை அழுத்தி அசைத்தால் சுருதி கொஞ்சம் ஏறித் திரும்பும். நம் கமகத்துக்குத் தூரத்துச் சொந்தம். பிட்ச் பெண்டில் அதைச் செய்யும்போது ஸ்வரத்துக்குக் கீழே இறக்கிவிடாதே, அசல் கருவியால் அது ஆகாது.

மெட்டுக்கு மணலிக்குப் போ. இன்றைக்கு ரிஃபைனரிக்குப் பேர்போன அதே மணலிதான். அங்கே ஒரு முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு சின்னையா முதலியார் தீட்சிதரின் பிள்ளைகளைச் சென்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்கார பேண்டு கேட்க வைத்தார். பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரி போட்டார், அவைதான் நொட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆகி அம்பாளைப் பாடியது. இதைவிடவா குறும்பு வேண்டும்? எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. வில்லியம் ஹாமில்டன் பேர்ட் என்பவர் 1789-இல் கல்கத்தாவில் இந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு எழுதி அச்சிட்டார். வாசித்துப் பார், அசைவெல்லாம் உதிர்ந்து எலும்பு மட்டும் நிற்கும்.

அந்த ராஜா வாழ்த்து மெட்டை ஹார்ப்சிகார்ட் துரை மாதிரி விறைப்பாகச் சொல்லட்டும். க்ளாவிகார்ட் அதையே சங்கராபரணமாக அசைத்துப் பதில் கொடுக்கட்டும். ஹார்ப்சிகார்ட் காப்பியடிக்கப் பார்க்கும். அசைக்க வராமல் ட்ரில்லாக உதறும். சபை அங்கேதான் சிரிக்கும். மூன்றாவது சுற்றில் க்ளாவிகார்ட் அரை பீட் தாமதமாக வரட்டும்.

க்ளாவிகார்ட் பேசும்போது மற்றது வாயை மூடியே ஆகவேண்டும், அத்தனை சன்னக் குரல் அதற்கு. வால்யூமை ஏற்றி ரெண்டையும் சமமாக்கிவிடாதே. இதை வாசிக்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியன்று ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொல், கன்டெய்னர் லாரி ஹாரனோடு எந்தக் கருவியும் போட்டி போட முடியாது. ரெண்டு கருவிகள் மாறி மாறிப் பேச முன்மாதிரியும் உண்டு. இசையமைப்பாளர் சி.பி.இ. பாக் 1788-இல் ஹார்ப்சிகார்டையும் பியானோவையும் ஒரே கான்சர்ட்டோவில் பேசவிட்டிருக்கிறார். ஒருத்தர் நிறுத்தும் இடத்தில் இன்னொருத்தர் எப்படி நுழைகிறார் என்று கேள்.

கடைசியில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு பெரிய கார்டு வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. திருத்தியதும் நொட்டேஷனை அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா