மலைச்சாலையில் வண்டி நின்றுவிட்டால்...

போடிநாயக்கனூரிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிய வண்டிகள் பூப்பாறை, சாந்தன்பாறைக் கடைகளுக்கு ஏறுகின்றன. அங்கிருந்து ஏலக்காய் மூட்டைகள் இறங்குகின்றன. பெரும்பாலும் வழி ஒன்றுதான்: முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் போடிமெட்டுக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 85. ஊருக்குள் வண்டி பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிட ஒரு பையனை அனுப்பலாம். மழையும் மூடுபனியும் இறங்கிய மலையில் அது நடவாது. எனவே உதவிக்கான ஏற்பாட்டைக் கடையிலேயே செய்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

1. புறப்படும் முன்: வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வழியோர உதவி என்பது பெரும்பாலும் தனிப் பிரீமியம் கட்டினால்தான் உண்டு. எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்து வருவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். வண்டி பாலிசி சரக்கைக் காப்பாற்றாது. சரக்குக்குத் தனி பாலிசி வேண்டும். போடியில் ஒருவர், பூப்பாறைப் பக்கம் ஒருவர் என இரண்டு மெக்கானிக்குகளின் எண்களைக் காகிதத்தில் எழுதி டிரைவரிடம் கொடுங்கள். தார்ப்பாய், டார்ச், சக்கரக் கட்டை, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை வண்டியில் இருக்கட்டும்.

2. வண்டி நின்றவுடன்: முடிந்தவரை வளைவைத் தவிர்த்து ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எதிரிலும் பின்னாலும் வருபவர் முன்கூட்டியே காணும்படி, வளைவுக்கு அப்பால் முக்கோணம் வைக்க வேண்டும். கட்டைக்குப் பதில் கல் வைத்திருந்தால் கிளம்பும்போது கட்டாயம் அகற்றுங்கள். சாலையில் விட்டுவந்த கல் இரவில் வரும் இருசக்கர வண்டிக்காரரின் உயிரை வாங்கும்.

3. யாரை அழைப்பது: விபத்து, காயம் என்றால் 112 அல்லது 108. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. போடிமெட்டு இரு மாநில எல்லை. ஆகவே தமிழ்நாட்டுப் பக்கமா, கேரளப் பக்கமா என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்து வளைவு எண் அல்லது கிலோமீட்டர் கல். சிக்னல் இல்லையேல், கீழே போகும் பஸ் டிரைவரிடம் இந்த விவரங்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

4. சரக்கும் பில்லும்: பலரும் ஏமாறும் இடம் இதுதான். கிலோ 1,000 ரூபாய் விலையில் 50 கிலோ ஏலக்காய் மூட்டை ஒன்றே வரியுடன் 50,000 ரூபாயைத் தாண்டிவிடும். மாநிலம் கடக்க இ-வே பில் வேண்டும். பழுதான வண்டியிலிருந்து வேறு வண்டிக்கு மாற்றினால், அது நகரும் முன் புதிய வண்டி எண்ணை இ-வே பில்லின் பகுதி ‘பி’யில் பதிய வேண்டும். பதியாமல் வந்து சோதனையில் அகப்பட்டால், உதவிக்கு வந்த வண்டியும் சேர்ந்து நிற்கும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கொள்ளலாம். கடைப் பொறுப்பாளர் ஒருவர் இதற்கெனத் தயாராக இருக்கட்டும்.

5. நனைந்த சரக்கு: ஏலக்காய் ஈரம் இழுத்தால் நிறம் மங்கும், பூஞ்சணம் பிடிக்கும், விலை விழும். லாரி சர்வீஸில் அனுப்பிய சரக்கு சேதமானால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்ப் பேச்சு வழக்குக்கு உதவாது. பில்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி டிரைவர் இருக்கைக்கு மேல் ஒட்டிவையுங்கள். அடுத்த லோடு ஏறும் முன்பே செய்துவிடுவது நல்லது.