நடுநிலைப் பள்ளிப் பிள்ளையும் பெற்றோரின் கடமையும்



ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளைப் பற்றி இவ்வாரம் சற்றே யோசிப்போம். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளையைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்தாலோ வீடு முழுவதும் பரீட்சைக்குப் படிக்கிறது. நடுவிலுள்ள மூன்று வருஷங்கள் மட்டும் கவனிப்பாரின்றிக் கழிகின்றன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஆகையால், "எப்படியும் மேல் வகுப்புக்குப் போய்விடுவான்" என்று நாம் அசட்டையாய் இருந்துவிடுகிறோம்.

நம் ஜில்லாவுக்குப் படிப்பு புதிதல்ல. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர் என்று தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது கன்னியாகுமரி. இது நம் பாட்டன் பாட்டிமார் பட்டினி கிடந்து சம்பாதித்துத் தந்த பெயர். அதைக் காப்பதற்கு இன்றைய பெற்றோர் அறியவேண்டிய காரியங்கள் மூன்று. பிள்ளையின் திறமையைக் கண்டு பாராட்டுவது முதலாவது. தேர்வுக்கு ஆயத்தம் செய்விப்பது இரண்டாவது. சக மாணவரின் துன்புறுத்தலிலிருந்து காப்பது மூன்றாவது.

1. திறமையைக் கண்டு பாராட்டுதல்

மார்க்கு ஒன்றே திறமை என்று எண்ணுவது தவறு. ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரும். மற்றொன்றுக்குப் படம் வரையக் கை வரும். இன்னொன்று ஓடினால் பிடிக்க முடியாது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடந்து வருகிறது. ஆட்டம், பாட்டு, நாடகம், ஓவியம் ஆகியவற்றில் பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். உங்கள் பிள்ளை எதிலேனும் பெயர் கொடுத்திருக்கிறதா என்று கேட்டதுண்டா?

பாராட்டும்போது உழைப்பைப் பாராட்டுங்கள். "நீ கெட்டிக்காரி" என்பதைவிட, "பின்னக் கணக்கை மூன்று நாள் விடாமல் போட்டுப் பழகினாயே, அதுதான் பலித்தது" என்று சொல்லுங்கள். அடுத்த முறை என்ன செய்யவேண்டும் என்பது பிள்ளைக்கு அதிலேயே தெரிந்துவிடும். அண்டை வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லிக் குத்திக் காட்டாதீர்கள். அப்படிச் செய்தால் மார்க்கு ஏறாது. அந்தப் பிள்ளைமேல் பொறாமைதான் ஏறும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அது பரிகாசமாய் வெளிவரும்.

2. எட்டாம் வகுப்பில் ஒரு முக்கியமான தேர்வு

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடங்களில் சுருக்கமாய் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். மத்திய அரசு 2008இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிடாமல் பன்னிரண்டு வரை படிக்கவேண்டும் என்பதே நோக்கம். நாடெங்கும் வருஷந்தோறும் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு இவ்வுதவி. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

யார் எழுதலாம்? அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, நகராட்சி போன்ற உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்பு படிப்போர் எழுதலாம். ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 மார்க்கு வாங்கியிருக்கவேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். பெற்றோரின் வருஷ வருமானம் மூன்றரை லட்ச ரூபாய்க்கு மேற்படக் கூடாது. கடல் தொழில் செய்வோர், ரப்பர் பால் வெட்டுவோர், முந்திரி ஆலையில் வேலை செய்வோர், கொத்து வேலைக்குப் போவோர் ஆகிய நம் குடும்பங்களில் பல இக்கணக்கில் அடங்கும்.

என்ன கிடைக்கும்? ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷமும், வருஷத்துக்கு ரூ. 12,000 பிள்ளையின் பாங்குக் கணக்கிலே சேரும். நான்கு வருஷத்துக்கும் கூட்டினால் ரூ. 48,000. ஆனால் இது தானாய் வந்துகொண்டிருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 60 (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55) வாங்கினால்தான் மேலும் தொடரும்.

தேர்வு இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம். முதலாவது மனத்திறன் தேர்வு. எண் வரிசை, ஒத்த உருவம், மறை எழுத்து, திசை அறிதல் போன்றவை அதில் வரும். இரண்டாவது படிப்பறிவுத் தேர்வு. அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20 என்று கேள்விகள் ஏழாம் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து வரும். தவறான விடைக்கு மார்க்குக் குறைப்பதில்லை. ஆகையால் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பகுதியையும் சேர்த்து நூற்றுக்கு 40 (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 32) வாங்கினால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றவரிலிருந்து மார்க்கு வரிசைப்படி உதவித்தொகைக்குத் தெரிவு செய்கிறார்கள்.

விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகவே போகவேண்டும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல், வருமானச் சான்று, பிள்ளையின் பெயரில் பாங்குக் கணக்கு, ஆதார் ஆகியவற்றை இப்பொழுதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் பெயரெழுத்து மாறியிருந்தால், தேர்ச்சி பெற்ற பிற்பாடும் பணம் வந்து சேரத் தடையாகும்.

3. வீட்டில் ஆயத்தம் செய்விப்பது எப்படி?

இதற்குப் பணம் கொடுத்துத் தனிப்பாடம் வைக்கவேண்டும் என்பதில்லை. வாசிக்கத் தெரியாத தாயும் தகப்பனும்கூடச் செய்யக்கூடிய உதவி உண்டு.

முதலாவது: பாடத்தை வாசித்த பின் புத்தகத்தை மூடச் செய்து, "வாசித்ததை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். 2006ஆம் வருஷம் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலறிஞர் கல்லூரி மாணவரை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவரைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கேட்பதற்கு உங்களுக்கு எழுத்துத் தெரியவேண்டாம்; காது கொடுத்தால் போதும்.

இரண்டாவது: நாளுக்கு அரைமணி நேரமாய் ஆறு மாதம் படிப்பது, கடைசி வாரத்தில் இரவு பகல் கண்விழிப்பதைவிட மேலானது. ஒருமுறை படித்த பாடத்தைச் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்கவேண்டும்.

மூன்றாவது: பழைய வினாத்தாளை வாங்கி, கடிகாரத்தை எதிரே வைத்து 90 நிமிஷத்தில் எழுதப் பழக்குங்கள். 3, 6, 12, 24, அடுத்தது என்ன என்பது போன்ற கேள்விகள் பழகப் பழக விளையாட்டாய்விடும். தப்பான விடைகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, ஞாயிறுதோறும் அவற்றைப் பார்க்கட்டும்.

நான்காவது: தூக்கம். இரவு பத்து மணிக்குமேல் தொலைக்காட்சியும் கைபேசியும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் படி என்றால் கேட்குமா?

ஐந்தாவது: தேர்வில் தெரிவாகாமற் போனால் கோபிக்காதீர்கள். அந்த ஆயத்தம் வீண்போவதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அதுவே அஸ்திவாரம்.

4. துன்புறுத்தல் என்பது என்ன?

இவ்வளவும் செய்தும் ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால், அது மந்தமென்று முடிவு கட்டுமுன் ஒன்றை விசாரியுங்கள்: பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாருக்கேனும் பயப்படுகிறதா? பயந்த மனத்தில் பாடம் ஏறாது.

பிள்ளைகள் சண்டையிடுவது இயல்பு, நாளை சேர்ந்துவிடுவார்கள். துன்புறுத்தல் வேறு. நார்வே தேசத்து உளவியலறிஞர் டான் ஓல்வேயுஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலமுள்ளவன் தற்காத்துக்கொள்ள முடியாதவனுக்குச் செய்வது. அத்தேசத்தில் 1982இல் மூன்று சிறுவர் இக்கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தபின், 1983இல் பள்ளிகள்தோறும் தடுப்பு முயற்சி தொடங்கிற்று. யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் மூன்றில் ஒரு மாணவருக்குச் சற்றுக் குறைவானோர் முந்தைய ஒரு மாதத்தில் இத்துன்பத்துக்கு ஆளானவர்கள்.

நம் ஊரில் இது பெரும்பாலும் வட்டப்பெயரில் தொடங்குகிறது. கடற்கரைப் பிள்ளையை மீன்நாற்றம் என்பது, பேச்சிப்பாறை மலையிலிருந்து வரும் காணிக்காரப் பிள்ளையின் பேச்சைப் பழிப்பது, நிறத்தையும் தடித்த உடம்பையும் திக்குவாயையும் கேலி செய்வது, சாதியைச் சொல்லிக் காட்டுவது, பொதிச்சோற்றைப் பறிப்பது, கைபேசிக் குழுவில் படம் போட்டுச் சிரிப்பது, எல்லாம் இதில் சேரும். மேலாடை அணியும் உரிமைக்கே பெண்கள் 1859 வரை போராடவேண்டியிருந்த மண் இது. இழிவுபடுத்தப்படுவது எவ்வளவு வலிக்கும் என்பதை நாஞ்சில் நாட்டாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. அண்டை ஜில்லாவில் நடந்தது

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் உள்ளது நாங்குநேரி. அங்கே 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாய்ப் படித்துவந்த ஒரு மாணவனைச் சில சக மாணவர் சாதியின் பேரால் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திற்று. பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் காரியம் வெளிவந்தது; புகாரும் கொடுக்கப்பட்டது. அன்றிரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பல மாதம் சிகிச்சை பெற்ற அப்பிள்ளை, 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மார்க்கு வாங்கினான்.

இதன்பின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாய் நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கலாகாது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அறநெறி வகுப்பு வேண்டும், 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

நாம் படிக்கவேண்டிய பாடம் இரண்டு. பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் போக மறுத்தால் அதைச் சோம்பல் என்று அடிக்காமல் காரணம் கேட்கவேண்டும். புகார் கொடுத்தபின் பிள்ளையைத் தனியே விடாமல், பள்ளியும் வீடும் சேர்ந்து காவல் செய்யவேண்டும். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே என்பதை மறவாதீர்கள். அந்தப் பகையை அவர்கள் எங்கிருந்தோ கற்றிருக்கிறார்கள்.

6. பெற்றோர் செய்யவேண்டியவை

அடையாளங்களைக் கவனியுங்கள். திங்கட்கிழமை காலைதோறும் வயிற்றுவலி, பேனா, பென்சில் அடிக்கடி காணாமற்போதல், கிழிந்த சட்டை, வழக்கமான வழியை விட்டுச் சுற்றி வருதல், வந்ததும் பெரும்பசி, இரவில் உளறல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் மெல்ல விசாரியுங்கள்.

பிள்ளை சொல்லும்போது குறுக்கிடாதீர்கள். "நீ என்ன செய்தாய்?" என்றோ, "திருப்பி அடிக்கக் கை இல்லையா?" என்றோ கேட்டால் மறுமுறை வாய் திறக்காது. "நீ சொன்னது நல்லதாயிற்று மக்கா; இது உன் குற்றமில்லை" என்று சொல்லுங்கள்.

கோபத்தோடு எதிர்வீட்டுக்குப் போகாதீர்கள். பிள்ளைகளின் வழக்கு இரு குடும்பத்தின், சிலவேளை இரு ஊரின் பகையாய் முடிந்ததை நாம் கண்டிருக்கிறோம். என்ன, எங்கே, எந்தத் தேதி, யார் கண்டது என்று எழுதிக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போங்கள். தீராவிட்டால் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோரிடமும் சொல்லலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சிறுவர் உதவி எண் 1098. உடலைத் தொட்டுச் செய்யும் தொல்லையானால் தாமதம் வேண்டாம். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி அது போலீசாருக்குத் தெரிவிக்கவேண்டிய குற்றம்.

துன்புறுத்துவது ஆசிரியரானால்? கல்வி உரிமைச் சட்டம் (2009) 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. "அடித்துத் திருத்துங்கள் சார்" என்று நாமே சொல்லும் பழக்கத்தையும் விடவேண்டும்.

துன்புறுத்துவது நம் பிள்ளையானால்? இதுதான் கடினமான கேள்வி. "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று வாதாடாதீர்கள். மண்டை உடையும்படி அடிக்கவும் வேண்டாம். நடந்ததை நேராய்க் கேட்டு, கெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும், மன்னிப்புக் கேட்கவும் செய்யுங்கள். பிறகு, சாப்பாட்டு நேரத்தில் நாம் பிறரை எந்தப் பெயரால் சொல்லிச் சிரிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் கடமை உண்டு. பின்லாந்து தேசத்தில் துர்க்கு சர்வகலாசாலை வகுத்த 'கிவா' என்னும் தடுப்பு முறை முக்கியமாய் இவர்களையே நோக்குகிறது. சுற்றி நிற்பவர் சிரிக்காவிட்டால் கொடுமைக்காரனுக்கு ருசி குறையும். "சிரிக்காதே, தனியே நிற்கிறவனோடு போய் உட்கார், ஆசிரியரிடம் சொல்லு, அது கோள் சொல்வதாகாது" என்று உங்கள் பிள்ளைக்குக் கற்பியுங்கள்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. நம் பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயர் என்ன? கடைசியாய் அவரைச் சந்தித்தது எப்போது?

2. எட்டாம் வகுப்புப் பிள்ளை நம் வீட்டில் உண்டானால், உதவித்தொகைத் தேர்வுக்கு என்னென்ன சான்று குறைகிறது?

3. இந்த வாரம் பிள்ளையின் எந்த உழைப்பைப் பாராட்டினோம்?

4. பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது? தனியே சாப்பிடுகிறவர் யார்?

5. நம் வீட்டில் யாரையேனும் வட்டப்பெயராலோ சாதிப்பெயராலோ அழைக்கிறோமா?

ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், கைபேசியைத் தூர வைத்துவிட்டு, பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து இக்கேள்விகளைப் பேசுங்கள். முதலில் அவர்கள் சொல்லட்டும், நாம் கேட்போம்.