மெய்யாற் சமைக்கும் நாடகம்

நாடகம் ஆடக் கருதும் மாணவர் முதற்கண் செய்வது யாது? நூல் ஒன்றைத் தேர்ந்து, அதன்கண் வரும் பாத்திரங்களைத் தமக்குள் பங்கிட்டு, தத்தம் பேச்சை நெட்டுருச் செய்தலேயாம். அம்முறை பழையது, பயனுடையது, அதனை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும், நூலே இன்றிப் பலர் ஒருங்கு கூடித் தம் உடலையே கருவியாகக் கொண்டு நாடகம் சமைக்கும் முறை ஒன்றும் உண்டு. அதன் இயல்பையும் பயனையும் இடரையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இம்முறையை ஒழுங்குபட வளர்த்த ஆசிரியருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டினராகிய ழாக் லெகோக் (1921–1999) என்பார். இவர் தொடக்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியராய் இருந்து, உடல் இயங்கும் நெறியை நுணுகிக் கண்டவர். பின்னர் இத்தாலியில் எட்டாண்டுகள் பணிபுரிந்து, அம்லேத்தோ சார்த்தோரி என்னும் சிற்பியுடன் முகமூடிகளை ஆராய்ந்து, 1956ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் தம் நாடகப் பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளியில் மாணவர் தொடக்கத்தில் அணிவது நடுநிலை முகமூடி. அது நகைப்பதுமில்லை, அழுவதுமில்லை. முகம் மறைந்தவுடன் உடல் பேசத் தொடங்குகின்றது. தோளின் சோர்வும் மூச்சின் விரைவும் காலின் தயக்கமும் காண்போர்க்குப் புலனாகின்றன. நம் தொல்காப்பியமும் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் வகுத்து, உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் தோன்றுதலை எண்வகைப்படுத்தி உரைக்கின்றது. அது செய்யுளுக்குக் கூறிய இலக்கணமே எனினும், அதனைப் பயின்ற நமக்கு இப்பயிற்சி முற்றிலும் புதியதன்று.

1968ஆம் ஆண்டு பிரான்சில் மாணவர் கிளர்ச்சி எழுந்த காலத்து, இப்பள்ளி மாணவரும் தமக்குத் தாமே கற்பித்துக்கொள்ள விரும்பினர். அதன் பயனாகத் தற்பயிற்சி வகுப்பு தோன்றியது. ஆசிரியர் பொருள் ஒன்றை மட்டும் தருவர். மாணவர் சிறு குழுக்களாய்ப் பிரிந்து, ஆசிரியர் துணையின்றி நாள்தோறும் உழைத்து, வார இறுதியில் அனைவர் முன்னிலையிலும் ஆடிக் காட்டுவர். 'ஓரிடம், ஒரு நிகழ்ச்சி' என்பது அங்ஙனம் தரப்படும் முதற்பொருள்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எட்டு மாணவர் உளர். இடம் புகைவண்டி நிலையம். நிகழ்ச்சி, வண்டி வாராமை எனக் கொள்வோம். அவர்கள் முதலில் உண்மையான நிலையம் ஒன்றிற்குச் சென்று, காத்திருப்போர் எங்ஙனம் நிற்கின்றனர், எக்காலில் சாய்கின்றனர், எப்பொழுது தண்டவாளத்தை நோக்குகின்றனர் என்று காணல் வேண்டும். திரும்பி வந்தபின் நெடிது வாதிடாமல், கண்டதை உடலாற் செய்து காட்டல் வேண்டும். ஒருவர் நீட்டிய கை கைகாட்டி மரமாகலாம்; நால்வர் குனிந்த முதுகு இருக்கைப் பலகையாகலாம். நன்றாய் அமைந்ததை உடனே மீட்டும் மீட்டும் செய்து குறித்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் தற்செயலாய்க் கிடைத்தது மறுநாள் மறைந்துபோம். உரையாடல் வேண்டுமாயின் அதனை இறுதியிலே சேர்க்கலாம்.

குழுவினர் ஒருவரையொருவர் உணர்தற்கு லெகோக் வகுத்த பயிற்சி ஒன்று குறிக்கத்தக்கது. மேடையை நடுவே ஒரு முனையில் மட்டும் தங்கி நிற்கும் தட்டாகக் கருதுக. ஒருவர் ஒருபால் அடிவைத்தால் தட்டுச் சாயும். அது சாயாவண்ணம் மற்றொருவர் எதிர்ப்பால் நகர்தல் வேண்டும். பலர் ஏறினும் விதி இதுவே. இதனைப் பயின்றோர் தம் இடத்தை மட்டுமன்றி மேடை முழுவதையும் நோக்கக் கற்கின்றனர்.

இனி, இம்முறையின் இடர் யாதெனின், நூலாசிரியர் இல்லாத இடத்து உரத்த குரலுடையவரே ஆசிரியராகிவிடுதல். நாவன்மை இல்லாதாரும் உடலாற் பங்கு பெறுதல் இதன் சிறப்பு என்றோம். அச்சிறப்பு இதனாற் கெடும். அதற்கு அஞ்சி அனைவர் கருத்தையும் விடாது சேர்ப்பின், நாடகம் உருவமற்ற கலவையாய் முடியும். ஆகவே ஒருவர் வெளியே அமர்ந்து, 'யார் சொன்னது' என்று பாராமல், 'கண்ணுக்குத் தெரிந்தது யாது' என்பதை மட்டும் கூறுதல் வேண்டும். அப்பணியை முறைவைத்து ஏற்பின் எவர்க்கும் மனக்குறை இராது.

பாரிசில் மாணவ நாடகச் சங்கம் ஒன்றிற் பழகிய அரியான் மனூஷ்கினும் நண்பரும் 1964ஆம் ஆண்டு 'தேயாத்ர் து சொலேய்', அதாவது ஞாயிற்றின் அரங்கு, என்னும் குழுவைத் தோற்றுவித்தனர். எல்லார்க்கும் ஒரே ஊதியம் என்பது அவர்தம் விதி. 1970ஆம் ஆண்டு அவர்கள் ஆடிய '1789' என்னும் நாடகம், நடிகர் பலர் சிறு குழுக்களாய் ஆடிப்பார்த்த காட்சிகளிலிருந்து உருவாயிற்று. ஆக்கம் அனைவருடையதே; எனினும் வெளியே இருந்து நோக்கித் தேர்ந்தது மனூஷ்கினின் கண். இக்குழுவினரே 2016ஆம் ஆண்டு 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் பொருள்படும் தம் நாடகத்தின்பொருட்டு, புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் தமிழ்த் தெருக்கூத்தைப் பயின்றனர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இம்முறைக்குத் திரையும் வேண்டா. விலையுயர்ந்த உடையும் வேண்டா. வெற்றறை ஒன்றும் ஒரு வாரப் பொழுதும் நண்பர் எழுவர் எண்மரும் போதும். ஆயின் ஒன்று மட்டும் இன்றியமையாதது. தான் அரிதிற் கண்டுபிடித்த காட்சியே ஆயினும், அது முழுமைக்குப் பொருந்தாதெனின் தானே நீக்க இசையும் உள்ளம் வேண்டும். தேர்வு மண்டபத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் பெறும் நமக்கு, பெயர் எழுதப்படாத உழைப்பின் இன்பத்தை இது கற்பிக்கும். ஆதலின் நம் கல்லூரி மாணவரும் ஒரு வாரம் இதனை முயன்று பார்ப்பாராக.