பிடித்துவிடும் கை படிக்க வேண்டியவை

உடல் அலுத்தவர்க்குக் கை கால் பிடித்துவிடுதல் நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் பணிவிடை. ஆயின், அதனையே ஊதியத்திற்குச் செய்பவரை உலகம் ஐயக் கண்கொண்டு நோக்குகின்றது. நம் ஈஜிபுராவிலும் அதனை அடுத்த கோரமங்கலத்திலும் நாள் முழுதும் கணிப்பொறிமுன் அமர்ந்து கழுத்தும் முதுகும் நோவோர் பலர். அவர்க்கு உதவும் தொழிலாக மசாஜைக் கற்க விரும்பும் இளைஞர் எவற்றைப் பயிலல் வேண்டும்? ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, கைவினை. சித்த மருத்துவம் இக்கலையைத் தொக்கணம் என வழங்கும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். மேலைநாட்டார் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்த்தல் என ஐந்தாகப் பகுப்பர். கை கால்களை அழுத்தி நீவுங்கால் இதயத்தை நோக்கியே நீவுதல் அவர் மரபு. சிரைகளில் குருதி ஓடும் திசை அதுவே. அவற்றின் உள்ளே அமைந்த வால்வுகளும் அத்திசைக்கே வழிவிடும்.

இரண்டாவது, விலக்கறிவு. எங்கே அழுத்துவது என்பதினும் எப்போது அழுத்தலாகாது என்பதே பெரிய பாடம். காய்ச்சல், தொற்றுள்ள தோல், புதிய எலும்பு முறிவு, புடைத்த சிரை ஆகியவற்றைக் கண்டால் கை பின்வாங்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நெடும் பயணம் செய்தவர் அல்லது பல நாள் படுக்கையிற் கிடந்தவர் ஒருவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடேறி வலிக்கிறது என்கிறார். பயிற்சி இல்லாதவர் அதனைத் தசைப்பிடிப்பு என்றெண்ணிப் பிசைவார். அஃது ஆழ்ந்த சிரையில் உறைந்த குருதிக்கட்டியாயின், பெயர்ந்து நுரையீரலை அடைந்து உயிரையே கவரக்கூடும். பயின்றவரோ காலைத் தொடாது, உடனே மருத்துவரிடம் அனுப்புவார். அன்று அவர் ஊதியத்தை இழக்கலாம். ஓர் உயிர் இழக்கப்படாது.

மூன்றாவது, ஒழுக்கம். 1894-இல் இலண்டன் மசாஜ் நிலையங்கள் சிலவற்றின் சீர்கேட்டை மருத்துவ இதழ் ஒன்று வெளிப்படுத்தியது. பழி தொழில் முழுவதன்மீதும் படர்ந்தது. செவிலியர் நால்வர் அவ்வாண்டே பயிற்சி பெற்ற மசாஜ் பெண்டிர்க்கென ஒரு சங்கம் நிறுவினர். தேர்வு வைத்தனர், நடத்தை விதி வகுத்தனர். 1920-இல் அச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. இன்று பிரித்தானியாவின் இயன்முறை மருத்துவர் சங்கமாக விளங்குவது அதுவே. பழியை அவர்கள் வாதத்தால் துடைத்தாரல்லர், பயிற்சியால் துடைத்தனர்.

ஆகவே, பயிற்சி நிலையம் தேடும் நண்பர்கள் கட்டணத்தை மட்டும் கேளாது வேறு மூன்றும் கேட்பாராக. உடற்கூறு கற்பிக்கப்படுமா? விலக்க வேண்டிய நோய்நிலைகள் கற்பிக்கப்படுமா? வருபவரின் இசைவு பெறுதல், உடலை மறைத்துப் போர்த்தல் முதலிய முறைகள் கற்பிக்கப்படுமா? மூன்றற்கும் தெளிவான விடை இல்லையெனில் வேறிடம் நாடுக.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. இயன்முறை மருத்துவம் பல ஆண்டுகள் பயிலும் தனிப் பட்டப்படிப்பு. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இந்தியாவில் நெறிப்படுத்தப்பட்ட துறை. சில மாத மசாஜ் சான்றிதழ் ஒருவரை மருத்துவர் ஆக்காது. தன் எல்லையை அறிந்து நிற்கும் கையே நோயாளி நம்பத்தக்க கை. அக்கையால் உழைப்பவர் எவர்முன்னும் தலை குனிய வேண்டுவதில்லை.